லாண்டரிக்காரரின் பல்செட்டு

கடைவீதியில் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர். அழுக்குத் துணியை யாராவது மேசைமேல் போட்டால், விரித்துப் பார்ப்பதற்கு முன்னால் அதை அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "இது டீக்கறை இல்லீங்க, துருக்கறை. ஈரச் சட்டையை இரும்புக் கம்பியில போட்டிருக்கீங்க. அது தெரியாம மேல சோடாவைக் கொட்டித் தேய்ச்சிருக்கீங்க" என்பார். துணி கொண்டுவந்தவர் முழிப்பார். வீட்டில் நடந்ததை இவர் எங்கிருந்து பார்த்தார் என்று இருக்கும் அவருக்கு.

"துணிக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. மனுஷன்தான் சொல்வான்" என்று சொல்லிக்கொண்டே அடையாளத் துண்டைக் கட்டுவார்.

கடை ஒன்றும் பெரிதில்லை. முன்னால் மேசை, அதன் பின்னால் இரண்டு மெஷின்கள், மூலையில் வெள்ளைத் துணிகளை அவிக்கும் கொப்பரை, மொட்டைமாடியில் கொடிகள். ஜன்னலோரம் இஸ்திரி மேசை. அங்கே நிற்கும் அம்மாளுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இஸ்திரிக்காரம்மா என்றால்தான் வீதியில் தெரியும். கை சுத்தம், வாய் கூர்மை. அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டுக்கொண்டே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவாள். அவள் இழுத்து மடித்த சட்டையைப் பிரித்துப் போட வாங்கிப்போனவர்களுக்கு மனசு வராது.

மோப்பக்காரருக்கு ஒரு விஷயத்தைக் கேட்டால் மட்டும் பொறுக்காது. "ரெண்டு நாளா ஊறவெச்சேன், கறை போகவே இல்ல" என்று யாராவது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

"ஊறவெச்சா ஊறும். வேற என்ன நடக்கும்? தண்ணி என்ன வேலைக்காரியா, தானா எழுந்து தேய்க்கிறதுக்கு? கை படாம அழுக்கு போகாதுங்க."

இதை ஊருக்கே சொன்னவர், ஒரு பொருளில் மட்டும் அதற்கு நேர்மாறாக நம்பிக்கொண்டிருந்தார். அது அவருடைய பல்செட்டு.

பல் போனதற்குத் தொழிலும் ஒரு காரணம் என்று அவர் நினைத்தார். துணி மாறிவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துண்டைக் கோத்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போட்டதும் நூலைப் பல்லால் கடித்து அறுப்பது பையனாக இருந்தபோதே வந்த பழக்கம். முன்பல்லில் நூலுக்கென்றே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஆனால் பல்லை ஆட்டியது நூல் இல்லை, ஈறு. வீங்கியது, ரத்தம் வந்தது, அவர் உப்புத்தண்ணீரைக் கொப்பளித்து நாளைத் தள்ளினார். ஒவ்வொன்றாக ஆடி, ஐம்பத்தைந்து வயதுக்குள் வாய் காலியாகிவிட்டது.

புது மெஷின் பார்க்கப் போகிறேன் என்று வீதியில் சொல்லிவிட்டு, தன்னைத் தெரிந்தவர் யாருமில்லாத வெளியூருக்குப் போய் மேலும் கீழும் முழு செட்டு கட்டிக்கொண்டு வந்தார். அந்த டாக்டர் ஏதேதோ சொன்னார். தினமும் தேய்க்கணும், படுக்கும்போது கழட்டணும், ஆறு மாசத்துக்கொரு தரம் வந்து காட்டணும் என்று. மோப்பக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே காத்திருந்த கூட்டத்தில் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்பதில்தான் அவருடைய புத்தி இருந்தது.

திரும்பி வந்ததும், வரிசை தப்பாத பல்லைப் பார்த்து வீதி மரியாதையாக வாயை மூடிக்கொண்டது. இஸ்திரிக்காரம்மா மட்டும் ஒருமுறை கேட்டாள்.

"மெஷின் பார்க்கப் போனீங்களே அண்ணே, மெஷின் எங்க?"

"பிடிக்கல, விட்டுட்டேன்."

"ஓகோ. பிடிச்சதைத்தான் வாங்கிட்டு வந்துட்டீங்கபோல" என்று சொல்லி அவள் சட்டைக் காலர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் கழுத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் கயிறு கட்டித் தொங்கியது. நூலைக் கடிப்பதை விட்டுவிட்டார்.

வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். தெரியும் என்றாலும், பல்லில்லாத வாயை அவளும் பார்த்ததில்லை. படுக்கப் போகும்போது குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செட்டைக் கழட்டி, மூடிபோட்ட ஒரு எவர்சில்வர் டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டு மாடத்தில் வைப்பார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசமாட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். விடிந்ததும் முதல் வேலை டப்பாவைத் திறப்பதுதான். பல் சுத்தமாக, வாசனையே இல்லாமல், தெளிந்த தண்ணீரில் கிடக்கும். எடுத்து மாட்டிக்கொள்வார்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. பிளாஸ்டிக்தானே, தண்ணீரில் கிடந்தால் தானாகவே சுத்தமாகிவிடுகிறது என்று அவர் இருந்துவிட்டார்.

*

மகளை வேறு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முதல் பிரசவம். ஏழாம் மாதத்திலேயே டாக்டர் எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டதால் அம்மாக்காரி கிளம்ப வேண்டியதாயிற்று. அரிசி எங்கே, மாத்திரை எங்கே, கேஸ் தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், பெட்டியைத் தூக்கும் முன்னால் குளியலறை வாசலில் போய் நின்றாள்.

"என்னங்க, அந்த டப்பா இருக்கில்ல..."

"எந்த டப்பா?" என்று வெடுக்கென்று கேட்டார். காது மடல் வரைக்கும் சூடேறிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. உடம்பைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

அவள் போய்ச் சில வாரங்கள் கழிந்த பிறகு கடையில் ஒரு வாடை வர ஆரம்பித்தது.

முதலில் சாக்கடை அடைத்திருக்கிறது என்று நினைத்து ஆளை விட்டுக் குத்தச் சொன்னார். பிறகு சோப்புத்தூள்மேல் சந்தேகம் வந்து வேறு வாங்கினார். மெஷினின் தண்ணீர்க் குழாயைக் கழட்டி உள்ளே கையை விட்டுத் துடைத்தார். வாடை போகவில்லை. அதுவும், துவைத்துக் காய்ந்து இஸ்திரி போட்டு வரும் துணியில்தான் அது நன்றாகத் தெரிந்தது. சுத்தமான துணியை மூக்கருகே கொண்டுபோனால் போதும், அழுகின மாதிரி ஒரு நெடி முகத்தில் அடித்தது.

"மாடியில ஈரத்தோட எடுத்துட்டியா?"

"மொறுமொறுன்னு காய்ஞ்சுதான் எடுத்தேன்."

"பின்ன ஏன் நாறுது?"

"எனக்கு நாறலையே அண்ணே."

"உனக்கு எப்படித் தெரியும்? என் மூக்கு பொய் சொல்லாது."

அவர் நீட்டிய துணியை வாங்கி மறுபடி மெஷினில் போட்டாள். ஒரே போர்வை இரண்டு முறை, ஒரே திரைச்சீலை மூன்று முறை துவைக்கப்பட்டது. நீல நிறச் சட்டைகள் வெளுக்கத் தொடங்கின. வாடிக்கையாளர்கள் மேசையை ஒட்டி நிற்காமல் ஓரடி தள்ளி நின்று பேசுவதை அவர் கவனித்தார். மேசைமேல் கிடக்கும் அழுக்கு மூட்டைதான் காரணம் என்று நினைத்து, மூட்டைகளை உள்ளே தள்ளினார். அப்போதும் அவர்கள் தள்ளியே நின்றார்கள்.

வக்கீலம்மாவின் கறுப்புக் கோட்டு விஷயத்தில்தான் எல்லாம் உடைந்தது. சனிக்கிழமைதோறும் வந்து வாரத்துக்கு வேண்டிய கோட்டை வாங்கிப்போகிறவர் அவர். அன்று கடையில் கூட்டம். மடித்து வைத்திருந்த கோட்டை மோப்பக்காரர் வழக்கம்போல் தூக்கி, காலர் பக்கத்தை மூக்கில் வைத்து மூச்சை விட்டு இழுத்தார். குமட்டிக்கொண்டு வந்தது.

வக்கீலம்மா முன்னால், அத்தனை பேர் முன்னால், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"உன் கையில என்னதான் இருக்கு? நீ தொட்டதெல்லாம் நாறுது!"

கடை அப்படியே நின்றது. மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்து சுவிட்சை அணைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்து, கோட்டை அவர் கையிலிருந்து வாங்கி வக்கீலம்மாவிடம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்கம்மா."

வக்கீலம்மா தயங்கித் தயங்கி மோந்து பார்த்தார். "சோப்பு வாசனைதானே வருது?"

பக்கத்தில் நின்றவரும் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

அவள் கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, துணியை மூக்குல வெச்சு மூச்சு விடறீங்க இல்ல, உங்க வாய்க்காத்துதான் அதுல பட்டு உங்களுக்கே திரும்பி வருது. நாத்தம் துணியிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. வர்றவங்க எல்லாம் ஏன் தள்ளி நிக்கிறாங்கன்னு நினைச்சீங்க?"

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வக்கீலம்மா கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து "வரேங்க" என்றார். அந்த மரியாதைதான் அவரை அதிகமாகக் கொன்றது.

*

அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். கதவைத் தாழ்போட்டார். ஆளில்லாத வீட்டில் எதற்குத் தாழ் என்று அவருக்கே தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நின்று செட்டைக் கழட்டிக் கையில் வைத்துப் பார்த்தார். இரவு விளக்கில் அவசரமாகக் கழட்டி, காலையில் கண்ணை முழுக்கத் திறக்காமலேயே மாட்டிக்கொண்டிருந்த பொருள். அதைத் தொழில்காரன் கண்ணால் அவர் பார்ப்பது இதுவே முதல் தடவை.

விரலை வைத்ததும் வழுக்கியது. அந்த வழுவழுப்பை அவருக்கு நன்றாகத் தெரியும். மெஷினின் தண்ணீர் வெளியேறும் குழாய்க்குள் படிவது அதுதான். பற்களுக்கு நடுவே மஞ்சள், பல் ஈறில் சேரும் இடத்தில் கறுப்பு. செட்டை மூக்கருகே கொண்டுபோனார். கோட்டில் வந்த அதே நெடி.

கண்ணாடியைப் பார்க்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். குழி விழுந்த கன்னத்தைப் பார்க்கத் துணிவில்லை. அப்படியே முதுகைக் காட்டித் திரும்பி, தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். வெள்ளைத் துணியில் விடாப்பிடியான அழுக்கு இருந்தால் என்ன செய்வாரோ அது: பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த பிளீச்சிங் பவுடரைக் கலந்து, செட்டை அதில் போட்டு அவித்தார். குச்சியால் கிண்டக்கூடச் செய்தார்.

எடுத்தபோது நாற்றம் போயிருந்தது. இளஞ்சிவப்பாக இருந்த ஈறுப் பகுதி சாம்பல் வெள்ளையாக வெளுத்திருந்தது. வாயில் வைத்தால் மேல்தட்டு ஒரு பக்கம் தூக்கியது, கீழ்த்தட்டு ஆடியது. வெந்நீரில் அது நெளிந்துவிட்டது என்பது புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. கம்பளித் துணியைக் கொதிநீரில் போட்டுச் சுருக்கிக்கொண்டு வருகிறவர்களை அவர் எத்தனை தடவை கேலி பண்ணியிருப்பார்!

பல் டாக்டரிடம் போயிருக்கலாம். வீதி முனையிலேயே ஒருவர் இருக்கிறார். வாசலில் கண்ணாடிக் கதவு. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும். அதனால் போகவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த மருந்துக்கடையில் பல்செட்டு ஒட்டுகிற பசையை, 'ஒரு பெரியவருக்கு' என்று சொல்லி வாங்கினார். அப்பிக்கொண்டு அழுத்தினால் செட்டு நின்றது. ஆனால் ஒருமுறை ஒட்டினதைப் பிய்த்து எடுக்கும்போது உயிர் போனது. மறுபடி ஒட்டும்போது சரியாக நிற்குமா என்ற பயம் வேறு. எனவே கழட்டுவதையே விட்டார். பகலும் அதுதான், படுக்கையிலும் அதுதான். டப்பா மாடத்தில் காலியாக இருந்தது.

கடைக்கு ஒரு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு போனார். "தூசி ஒத்துக்கல" என்றார் கேட்டவர்களிடம்.

நாலைந்து நாள் கழித்து இஸ்திரிக்காரம்மா வந்தாள். அவர் கூப்பிட்டு அனுப்பவில்லை, அவளாகத்தான் வந்தாள். பேசாமல் சுவிட்சைப் போட்டு, பெட்டி சூடாகிறதா என்று ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். அன்று சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. வாயைத் திறந்தால் மாஸ்க்குக்கு உள்ளேயே தன் நாற்றம் தன்னை அடிக்கும் என்று தெரியும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மென்று விழுங்கினார். மறுநாளும் அதையே செய்தார்.

நெளிந்த தட்டு ஈறை அறுத்தது. சோறு மெல்ல முடியவில்லை. கஞ்சி, பால், ஊறின ரொட்டி. அதுவும் பாதியில் போதும் என்றாகிவிடும். சட்டை தோளில் தொங்கியது. மனைவி போனில் கேட்டாள்.

"குரல் என்னங்க ஒரு மாதிரி இருக்கு? வாய்க்குள்ள எதையாவது வெச்சுக்கிட்டுப் பேசறீங்களா?"

"ஜலதோஷம்."

"சாப்பிடறீங்களா?"

"வேளா வேளைக்கு."

பேரன் பிறந்தான். மகள் வீடியோவில் கூப்பிட்டுக் குழந்தையைக் காட்டினாள். சுருட்டிவைத்த துணிக்குள் ஒரு சிவப்பு முகம் கொட்டாவி விட்டது. அதற்கும் பல் இல்லை. அவருக்கு அழுகை வந்தது.

"அப்பா, அந்த மாஸ்க்கைக் கழட்டுங்களேன். வீட்டுக்குள்ள எதுக்கு? பேரன் உங்க முகத்தைப் பார்க்கட்டும்."

"ஹலோ? ஹலோ? சிக்னல் போகுதும்மா" என்று சொல்லி அணைத்துவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

*

இருமல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. பிறகு காய்ச்சல். ஒரு காலையில் துணி மூட்டையைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். பல் கிடுகிடுக்க நடுங்கினார். மூச்சு பாதிதான் உள்ளே போனது. இஸ்திரிக்காரம்மா வந்து நெற்றியில் கை வைத்தாள். "இஸ்திரிப் பெட்டி தேவலை" என்று முணுமுணுத்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள். இவள் தொட்டதெல்லாம் நாறும் என்று அவர் சொன்ன அந்தக் கைதான் ஆஸ்பத்திரிவரை அவர் முதுகைத் தாங்கியிருந்தது.

நர்ஸ் பெண் ஆக்சிஜன் குழாயை வைத்துக்கொண்டே கேட்டாள். "ஐயா, பல்செட்டு ஏதாவது போட்டிருக்கீங்களா? இருந்தா கழட்டித் தந்துடுங்க."

கட்டிலருகே இஸ்திரிக்காரம்மா நின்றிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. சொந்தப் பல்லு."

இஸ்திரிக்காரம்மா மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தாள். நர்ஸ் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

நிமோனியா என்றார்கள். ஊசிமேல் ஊசி ஏறியும் காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. செய்தி கேட்டு, பச்சைக் குழந்தையை மகளின் மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவி ஓடிவந்தாள். வந்தவள் அவர் முகத்தின்மேல் குனிந்தாள். அடுத்த கணம் அந்த வாடை அவளை எட்டியது.

"டப்பா எங்க?" என்று கேட்டாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் வெட்கத்துக்காக இத்தனை வருஷம் பேசாமல் இருந்தவள் அன்று காத்திருக்கவில்லை. டாக்டர் வந்ததும், பின்னால் நர்ஸும் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் இருவரும் நிற்கும்போதே சொல்லிவிட்டாள். "டாக்டர், இவருக்கு மேலயும் கீழயும் பல்செட்டு. எத்தனை நாளா கழட்டலைன்னு அவரைத்தான் கேக்கணும்."

வார்டு முழுக்கக் கேட்டது போல இருந்தது அவருக்கு. இஸ்திரிக்காரம்மா சாப்பாட்டுக் கேரியரோடு கதவருகே நின்றிருந்தாள். போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்ளக் கை துடித்தது. டாக்டர் கோபிக்கவில்லை.

"ஐயா, நீங்களே எடுக்கறீங்களா? நாங்க எடுத்தா கொஞ்சம் வலிக்கும்."

விரலை உள்ளே விட்டு இழுத்தார். பசை விடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. மறுபடி இழுத்ததும் மேல்தட்டு ரத்தத்தோடு வந்தது, பிறகு கீழ்த்தட்டு. நர்ஸ் நீட்டிய கிண்ணத்தில் போட்டார். அவள் முகம் சுளிக்கவில்லை. மூச்சை மட்டும் நிறுத்தினாள். துணி மூட்டையைப் பிரிக்கும்போது அவரும் அப்படித்தான் நிறுத்துவார். அதனால் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். அண்ணம் பூராவும் ரத்தச் சிவப்பு, அங்கங்கே தயிர் தெளித்த மாதிரி வெள்ளை.

"வாயில பூஞ்சைக் காளான் பிடிச்சிருக்கு. ராப்பகலா மூடியே வெச்சா அப்படித்தான்" என்றார். "அது மட்டும் இல்லீங்க. தூங்கறப்போ எல்லாருக்கும் எச்சில் கொஞ்சம் கொஞ்சமா மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்கும். அது இந்தத் தட்டுல ஊறின எச்சிலா இருந்தா கிருமியும் சேர்ந்து நுரையீரலுக்குப் போகும். நிமோனியா இதனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா வயசானவங்கள்ல, செட்டோட படுத்துத் தூங்கறவங்களுக்கு இது கூடுதலா வருது. புண்ணு வேற, அதனால சாப்பாடும் இல்ல. உடம்பு எதை வெச்சு சண்டை போடும்? முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம். அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். வாய்க்குள் காற்று பட்டு எரிந்தது.

எல்லாரும் நகர்ந்த பிறகு, மனைவி பஞ்சில் மருந்தை நனைத்து ஈறில் ஒற்றினாள். அவர் வாயை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவளோ பாத்திரம் விளக்குகிற முகத்தோடு ஒற்றிக்கொண்டிருந்தாள். அவருக்குள் ஒரு கேள்வி பல நாளாக உருண்டுகொண்டிருந்தது. கேட்டால் தன் முட்டாள்தனம் வெளியே வந்துவிடும். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"நீ இருந்தப்போ... அது சுத்தமா இருந்துச்சே."

"ஆமா."

"தண்ணியில ஊறினா தானா போயிடும்னு..."

அவள் பஞ்சை நிறுத்தினாள். "ஊறினா போயிடுமா? யாரு, நீங்களா சொல்றது?"

அவர் போர்வை நுனியைத் திருகினார்.

"பேய் வந்து கழுவிட்டுப் போச்சு" என்றாள். "நீங்க தூங்கின அப்புறம் நான்தான். மெத்துனு ஒரு பிரஷ், பாத்திரம் கழுவற சோப்பு ஒரு சொட்டு, பச்சைத்தண்ணி. பேஸ்ட் போட்டா கீறும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. தேய்ச்சுக் கழுவி வேற தண்ணி மாத்தி மூடி வெப்பேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கூசிப்போவீங்கன்னுதான். ஊருக்குப் போற அன்னிக்குச் சொல்ல வந்தேன். எந்த டப்பான்னு கேட்டீங்க."

ஊர் அழுக்கையெல்லாம் மோந்து பார்த்துப் பெயர் சொன்னவர் அவர். தன் வாயிலிருந்து எடுத்ததைப் பன்னிரண்டு வருஷம் இன்னொருத்தி கழுவி வைத்தது அவர் மூக்குக்கு எட்டவில்லை. நாற்றம் பிடித்து அவமானப்பட்டதுகூட இவ்வளவு குன்ற வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அவளும் விடாமல், "வாயை நல்லாத் திறங்க. இன்னும் அந்த ஓரம் பாக்கி" என்றாள்.

*

காய்ச்சல் விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீதிமுனைப் பல் டாக்டர் நெளிந்த செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வேகவெச்சீங்களா?" என்றார். மோப்பக்காரர் தரையைப் பார்த்தார். அது இனி ஆகாது, ஈறு ஆறின பிறகுதான் புதிதுக்கு அளவெடுக்கலாம், அதுவரைக்கும் வெறும் வாய்தான் என்று சொல்லிவிட்டார் டாக்டர். மென்மையான துணியை நனைத்து ஈறையும் நாக்கையும் காலையும் மாலையும் துடைக்கச் சொன்னார். வீட்டில் மனைவி துணியை எடுத்துக்கொண்டு வந்தபோது, "கொடு, எப்படின்னு மட்டும் சொல்லு" என்று கை நீட்டினார்.

"அழுத்தாதீங்க. இது துணி இல்ல."

பல் வரும்வரை வீட்டிலேயே இருந்துவிடலாம். உடம்பு சரியில்லை என்றால் யார் என்ன சொல்வார்கள்? கடையை இஸ்திரிக்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அத்தனை பேர் நடுவில் அவர் சொன்ன ஒரு வார்த்தை கடையில் இன்னும் கிடந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு பேருக்குள் அதைத் துடைக்க முடியாது. கறை எங்கே விழுந்ததோ அங்கேதான் தேய்க்க வேண்டும். இது தெரிய அவருக்கு யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமைக்காகக் காத்திருந்தார்.

கூட்டம் நிற்கும் நேரம் பார்த்துப் போனார், மாஸ்க் இல்லாமல். கன்னம் உள்ளே போய், மோவாய் மூக்கைத் தேடி மேலே வந்திருந்தது. ஒரு நிமிஷம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது, அவரவர் வேறெங்கோ பார்த்தார்கள். வக்கீலம்மா கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினார்.

அவர் மேசைக்குப் பின்னால் போகவில்லை. வாடிக்கையாளர்கள் நிற்கும் பக்கமாகவே நின்றார்.

"அன்னிக்கு இதே இடத்துல இவங்களை நான் ஒரு வார்த்தை சொன்னேன்" என்றார். பல்லில்லாத வாயில் சொற்கள் காற்றாகப் போயின. பாதி எச்சிலோடு வந்தது. இன்னும் மெதுவாகச் சொன்னார். "இவங்க கை நாறுதுன்னேன். நாறினது என் வாயி. கட்டின பல்லு, கழுவத் தெரியாம வெச்சிருந்தேன். எல்லாரும் இருந்தப்போ சொன்னேன், அதான் எல்லாரும் இருக்கிறப்போ சொல்றேன். தப்பு என்னோடதும்மா."

அத்தனை வருஷமும் 'நீ' என்று கூப்பிட்டவளை 'இவங்க' என்று சொன்னதை வேறு யாரும் கவனித்தார்களோ என்னவோ, அவள் கவனித்தாள். பெட்டியைச் சட்டைமேல் வைத்தபடியே நின்றுவிட்டு, சட்டென்று தூக்கிப் பார்த்தாள்.

"போச்சு, காலர் தீஞ்சிருக்கும்" என்றாள். பிறகு, அவரைப் பார்க்காமலே, "சரி அண்ணே, வாயை மூடுங்க. ஈ உள்ள போயிடப் போகுது."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். மோப்பக்காரருக்கும் சிரிப்பு வந்தது. கை தானாக வாயை மறைக்கப் போனது.

வக்கீலம்மாவின் கோட்டு மடித்துத் தயாராக மேசைமேல் இருந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று தூக்கினார். பழக்கம், கோட்டு பாதி தூரம் மூக்கை நோக்கிப் போய்விட்டது. அங்கேயே நின்றது. எல்லார் கண்ணும் அவர்மேல் இருந்தது. முகம் எரிந்தது. கோட்டை இறக்கி வக்கீலம்மா பக்கம் நீட்டினார்.

"நீங்களே பார்த்துக்குங்கம்மா."

"அவங்க எதுக்கு?" என்றாள் இஸ்திரிக்காரம்மா ஜன்னலோரத்திலிருந்து. "ஒவ்வொண்ணையும் மூணு தடவை துவைக்க வெச்சது நீங்க. நீங்களே மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். மூச்சை விடப் பயந்து முதலில் இழுக்க மட்டும் செய்தார். பிறகு விட்டும் இழுத்தார். சோப்பு. அதற்கு அடியில், இப்போதுதான் இஸ்திரி போட்ட சூடு. வேறு ஒன்றும் இல்லை.

"நல்லா வந்திருக்கு" என்றார். காற்றாகத்தான் வந்தது. அவளுக்கு அது கேட்டிருக்க வேண்டும். தீய்ந்த காலரை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே தலையை ஒருமுறை அசைத்தாள்.